கற்பனை விலங்கும் உடலின் கணக்கும்

நுழையும்முன்

இல்லாத விலங்கைப் படைத்துப் பார்ப்பது மனிதனின் பழைய விருப்பம். கோயில் தூணில் யாளியாகவும் கதைகளில் டிராகனாகவும் உருவெடுத்த அவ்விருப்பம், இன்று கணினித் திரையில் நடக்கிறது, பறக்கிறது, வேட்டையாடுகிறது. இயங்கும் உயிருக்கு எலும்பு எவ்வளவு தடித்திருக்க வேண்டும், சிறகு எங்கே பொருந்த வேண்டும், இரை எங்கிருந்து வர வேண்டும் என்னும் வினாக்கள் எழுவது இயல்பு. அவ்வினாக்களுக்கு உயிரியல் தரும் விடைகளை எடுத்துரைக்கிறது இப்பாடம்.

சிற்பம் நிற்கும், விளையாட்டு இயங்கும்

சிங்கத்தின் உடலும் யானையின் துதிக்கையும் கொண்ட யாளி, தமிழகக் கோயில் மண்டபங்களில் நூற்றாண்டுகளாக நிற்கிறது. அதன் அழகில் குறையில்லை. ஆனால், அது நடக்க வேண்டியதில்லை. பாய்ந்தபின் எந்தக் காலை முதலில் ஊன்றும் என்று சிற்பி எண்ண வேண்டிய தேவை எழவில்லை.

காணொளி விளையாட்டை வடிவமைப்பவரின் நிலை வேறு. அவர் படைக்கும் விலங்கு ஓட வேண்டும், திரும்ப வேண்டும், களைத்து விழ வேண்டும். விளையாடுபவர் அதனை எல்லாப் பக்கங்களிலிருந்தும் பார்ப்பார். நடை பொருந்தவில்லை என்றால், காரணம் தெரியாவிட்டாலும் 'இது பொய்' என்று அவர் கண் உடனே உணர்ந்துகொள்ளும். பிறந்தது முதல் நாயையும் பூனையையும் காகத்தையும் பார்த்துப் பழகிய கண் அது. ஆதலால், கற்பனை விலங்கைப் படைப்போர் எலும்புக்கூட்டையும் தசையையும் கற்கின்றனர். யானையின் நடையையும் வௌவாலின் சிறகையும் கூர்ந்து நோக்குகின்றனர். அவர்கள் கற்றுக்கொள்ளும் முதற்பாடம் ஒன்றுண்டு: உடலில் எதுவும் விலையின்றிக் கிடைப்பதில்லை. ஒரு திறனைப் பெறும் உயிரி, அதற்கு ஈடாக வேறொன்றைக் கொடுத்தே தீர வேண்டும்.

பல்லி டிராகனாகுமா?

பத்து சென்டிமீட்டர் நீளமும் ஐந்து கிராம் எடையும் உள்ள ஒரு வீட்டுப்பல்லியை எடுத்துக்கொள்வோம். அதன் வடிவத்தைச் சற்றும் மாற்றாமல் நூறு மடங்கு பெரிதாக்கினால், பத்து மீட்டர் நீளமுள்ள விலங்கு கிடைக்கும். நீளம் நூறு மடங்காகும்போது அகலமும் உயரமும் நூறு மடங்காகும். ஆகவே, உடலின் கனஅளவும் அதனுடன் எடையும் பத்து இலட்சம் மடங்காகப் பெருகும். ஐந்து கிராம் பல்லியின் எடை ஐயாயிரம் கிலோகிராம் ஆகும். அது ஒரு பெரிய யானையின் எடை.

எடையைத் தாங்கும் கால் எலும்பின் வலிமையோ அதன் குறுக்குவெட்டுப் பரப்பைச் சார்ந்தது. அப்பரப்பு பத்தாயிரம் மடங்கு மட்டுமே பெருகும். எனவே, எலும்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் முன்பு தாங்கியதைப்போல் நூறு மடங்கு சுமையைத் தாங்க நேரும். பக்கவாட்டில் விரிந்த பல்லியின் மெல்லிய கால்கள் முதல் அடியிலேயே முறிந்துவிடும். பரப்பு இருமடியாகவும் கனஅளவு மும்மடியாகவும் வளரும் இவ்விதியைக் கலிலியோ 1638இல் வெளியான தம் 'இரு புதிய அறிவியல்கள்' என்னும் நூலில் விளக்கினார். பெரிய விலங்கின் எலும்பு நீளத்தில் மட்டுமன்றித் தடிமனிலும் விகிதத்தை மீறி வளர்ந்தாக வேண்டும் என்பதை அவர் வரைந்தே காட்டினார்.

இவ்விதி பெரிய உடலைத் தடைசெய்யவில்லை. வடிவத்தை மாற்றிக்கொள்ளச் சொல்கிறது. யானையின் கால்கள் உடலுக்கு நேர்கீழே தூண்களாக நிற்கின்றன. பல பத்து டன் எடைகொண்ட நீள்கழுத்து டைனோசர்களின் கால்களும் அவ்வாறே நின்றன. அவற்றின் கழுத்தெலும்புகளில் காற்றறைகள் அமைந்து எடையைக் குறைத்தன. யானை விரைந்து செல்லும்போதும் நான்கு கால்களையும் ஒருசேரத் தரையிலிருந்து எடுப்பதில்லை. குதிரையைப்போல் பாய்ந்தோடும் திறனைக் கொடுத்துவிட்டு அது பேருடலைப் பெற்றது.

2005ஆம் ஆண்டு வெளிவந்த 'ஷேடோ ஆஃப் தி கொலோசஸ்' என்னும் விளையாட்டில் பதினாறு பேருருவங்கள் வருகின்றன. அவற்றில் நிலத்தில் நடக்கும் பேருருக்கள் பல, காலை மெல்லத் தூக்கி மெல்ல ஊன்றுகின்றன. ஊன்றியபின் தரை அதிர்கிறது. அந்தத் தாமதமே அவற்றின் எடையைக் காண்போர் நெஞ்சில் பதிக்கிறது. பேருருவம் சிட்டுக்குருவியைப்போல் துள்ளியிருந்தால், அது காகிதத்தாலான பொம்மையாகவே தோன்றியிருக்கும்.

தெரிந்து தெளிவோம்

உடலின் அளவுக்கும் அமைப்புக்கும் உள்ள தொடர்பை எளிய நடையில் விளக்கிய உயிரியலாளர் ஜே. பி. எஸ். ஹால்டேன். கதைகளில் வரும் பூதம் மனிதனைவிடப் பத்து மடங்கு உயரமாக இருந்தால் அதன் தொடையெலும்பு முறிந்துவிடும் என்பதை 1926இல் எழுதிய கட்டுரையில் கணக்கிட்டுக் காட்டினார். இங்கிலாந்தில் பிறந்த அவர் 1957இல் இந்தியாவுக்கு வந்து, கொல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றினார். இந்தியக் குடியுரிமையும் பெற்றார். 1964இல் புவனேசுவரத்தில் காலமானார்.

குகைக்குள் ஒரு பெருஞ்சிலந்தி

கற்பனை விளையாட்டுகளில் தவறாமல் இடம்பெறும் மற்றோர் உயிரி, மனிதனைவிடப் பெரிய சிலந்தி. 2011இல் வெளியான 'ஸ்கைரிம்' விளையாட்டின் குகைகளிலும் அத்தகைய சிலந்திகள் பதுங்கியிருக்கின்றன. இன்று வாழும் மிகப்பெரிய சிலந்திகளுள் ஒன்றான தென்னமெரிக்க கோலியாத் சிலந்தி, கால்களை விரித்தால் முப்பது சென்டிமீட்டர் அளவுக்கு நீளும். எடையோ இருநூறு கிராமை எட்டுவதில்லை. அந்த எல்லையைச் சிலந்தி ஏன் தாண்டவில்லை?

சிலந்திக்கு உள்ளெலும்பு இல்லை. உடலைப் போர்த்தியிருக்கும் புறச்சட்டகமே அதனைத் தாங்குகிறது. வளரும் காலத்தில் அச்சட்டகத்தைக் கழற்றிவிட்டுப் புதியதை உருவாக்கிக்கொள்ள வேண்டும். புதிய சட்டகம் இறுகும் வரையில் உடல் மென்மையாகவே இருக்கும். சிற்றுடலுக்கு அது இடரன்று. ஒரு மாட்டின் எடையுள்ள சிலந்தியோ அந்த நேரத்தில் தன் பாரத்தாலேயே நசுங்கிவிடும். மேலும், சிலந்தியின் கால்களில் சில மூட்டுகளை நீட்டுவதற்குத் தசைகள் இல்லை. உடல்நீரின் அழுத்தமே அவற்றை நீட்டுகிறது. பேருடலின் கால்களை அவ்வழுத்தத்தால் இயக்குவது அரிது. மூச்சும் தடையாகும். பரப்பைவிடக் கனஅளவு விரைந்து பெருகுவதால், சிறு மூச்சுறுப்புகள் பேருடலின் உயிர்வளித் தேவைக்கு ஈடுகொடுக்க இயலாது.

இவ்வகை உடலமைப்பு பேரளவை எட்டிய காலமும் சூழலும் உண்டு. ஏறத்தாழ முப்பது கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மெகாநியூரா என்னும் தும்பியின் உறவினப் பூச்சிக்குச் சிறகின் விரிவு எழுபது சென்டிமீட்டரை நெருங்கியது. அக்காலக் காற்றில் உயிர்வளி இன்றைய 21 விழுக்காட்டைவிட மிகுதியாக இருந்தது அதற்கொரு காரணம் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். கடலில் வாழும் ஜப்பானியச் சிலந்தி நண்டு, கால்களை விரித்தால் மூன்றரை மீட்டருக்கும் மேல் நீளும். அதன் உடலை நீர் தாங்கிக்கொள்கிறது. ஆகவே, பெருஞ்சிலந்தியைப் படைக்க விரும்பும் கலைஞருக்கு உயிரியல் வாயிலை அடைக்கவில்லை. அதனை வேறோர் உலகக் காற்றிலோ, ஆழ்கடலிலோ வாழவிடுமாறு வழிகாட்டுகிறது.

தூக்கும் சிறகு

ஓவியங்களில் டிராகனுக்கு நான்கு கால்களும் இரு சிறகுகளும் இருப்பதுண்டு. மொத்தம் ஆறு உறுப்புகள். ஆனால், தவளை முதல் மனிதன் வரையிலான நிலவாழ் முதுகெலும்பிகளின் அடிப்படை அமைப்பு நான்கு உறுப்புகளே. பாம்பு அவற்றை இழந்தது. திமிங்கலம் முன்கால்களைத் துடுப்பாக்கியது. ஐந்தாவதாக ஓர் உறுப்பை எதுவும் புதிதாகப் பெற்றதில்லை. பறவையின் சிறகும் வௌவாலின் சிறகும் மாற்றமடைந்த முன்கைகளே. பறக்கும் திறனைப் பெறுவதற்கு அவை கொடுத்த விலை, பற்றவும் ஊன்றவும் உதவிய முன்கைகள்.

ஸ்கைரிமில் வரும் டிராகன்கள் இந்த அமைப்பைப் பின்பற்றுகின்றன. அவற்றுக்குப் பின்கால்கள் இரண்டு, முன்கைகளே சிறகுகள். தரையில் இறங்கியதும் சிறகை மடக்கி, அதன் மடிப்பை ஊன்றி நடக்கின்றன. பழங்காலத்தில் வானில் பறந்த டெரோசார் என்னும் ஊர்வனவும் இவ்வாறே நான்கு உறுப்புகளையும் ஊன்றி நடந்தன என்பதை அவற்றின் கால்தடப் புதைபடிவங்கள் காட்டுகின்றன. கற்பனை விலங்கு உண்மையானதாகத் தோன்றுவதற்கு இந்தப் பொருத்தமே காரணம்.

எடைதான் எஞ்சியிருக்கும் சிக்கல். அறியப்பட்ட பறக்கும் விலங்குகளுள் மிகப் பெரியவற்றில் ஒன்று கெட்சால்கோட்லஸ். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1971இல் இதன் புதைபடிவம் கிடைத்தது. சிறகின் விரிவு பத்து மீட்டர் அளவினது. எடையோ இருநூறு முதல் இருநூற்றைம்பது கிலோகிராம் வரை இருந்திருக்கலாம் என மதிப்பிடுகின்றனர். அதன் எலும்புகள் உள்ளீடற்றவை. சுவர்கள் மிக மெல்லியவை. நாம் முன்பு கணக்கிட்ட ஐயாயிரம் கிலோகிராம் டிராகன் அதைவிட இருபது மடங்கு கனமானது. மலைபோன்ற உடலும் இரும்புபோன்ற செதிலும் கொண்ட விலங்கு பறக்க முடியாது. பறக்கும் விலங்கு மெலிந்தும் எளிதில் காயமுறக்கூடியதாகவும் இருந்தே தீரும்.

சிறகை அசைக்கும் தசையும் இடம் கேட்கும். பறக்கும் பறவைகளின் மார்புத்தசை உடல் எடையில் பெரும்பங்கு வகிக்கிறது. அத்தசை பற்றிக்கொள்வதற்கு மார்பெலும்பில் ஒரு முகடு உண்டு. பறக்காத நெருப்புக்கோழிக்கு அம்முகடு இல்லை. எனவே, ஒட்டிய மார்புடன் வரையப்பட்ட டிராகனைக் கண்டால், அது பறவாது என்று உயிரியல் மாணவர் சொல்லிவிடலாம்.

நெருப்பும் மின்னலும்

வாயால் நெருப்பை உமிழும் விலங்கு உலகில் இல்லை. எனினும், கொதிக்கும் நீர்மத்தைப் பீய்ச்சும் வண்டு உண்டு. பாம்பார்டியர் வண்டு தன் வயிற்றில் ஹைட்ரோகுயினோனையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் ஓர் அறையில் சேமித்து வைக்கிறது. எதிரி நெருங்கினால் அக்கலவை தடித்த சுவருடைய மற்றோர் அறைக்குச் செல்கிறது. அங்குள்ள நொதிகளால் வேதிவினை வெடித்தெழுந்து, ஏறத்தாழ நூறு டிகிரி செல்சியஸ் வெப்பமுடைய எரிச்சலூட்டும் நீர்மம் தொடர் துடிப்புகளாகப் பீய்ச்சப்படுகிறது. 'மான்ஸ்டர் ஹன்டர்' விளையாட்டில் நெருப்பை உமிழும் ரதலோஸ் என்னும் விலங்குக்கு உடலுக்குள் தனியே ஒரு தீப்பை இருப்பதாகக் காட்டுவர். ஆற்றலுக்கு உரிய உறுப்பைச் சுட்டும் அச்சிறு குறிப்பு கற்பனைக்கு நம்பகத்தன்மை சேர்க்கிறது.

கன்னங்களில் மின்னைச் சேமிக்கும் பிக்காச்சுவைக் குழந்தைகள் பலரும் அறிவர். இயற்கையில் அதற்கு இணை, தென்னமெரிக்க ஆறுகளில் வாழும் மின்விலாங்கு. அதன் ஒருவகை 860 வோல்ட் வரை மின்னழுத்தத்தை உண்டாக்குவது பதிவாகியுள்ளது. மின்செல் ஒன்று தருவது ஏறத்தாழ பத்தில் ஒரு வோல்ட்டே. ஆதலால், ஆயிரக்கணக்கான செல்கள் வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. உடல் நீளத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை மின்னுறுப்புகள் எடுத்துக்கொள்ள, இரைப்பையும் கல்லீரலும் பிறவும் முன்பகுதியில் நெருங்கிக் கிடக்கின்றன. மின் ஆற்றலுக்கு அம்மீன் கொடுத்த விலை அது. மின்னைக் கடத்தும் நீரில்தான் இந்த ஆயுதம் சிறந்து பயன்படும். காற்று மின்னை எளிதில் கடத்தாது. கன்னத்தளவே உள்ள பையில் மின்னல் அடங்காது என்பதை மின்விலாங்கின் உடலே சொல்லிவிடும்.

இரை எங்கே?

உடலைப் படைத்துவிட்டால் மட்டும் போதாது. அதற்கு உணவளிக்கவும் வேண்டும். புல்லிலிருந்து மானுக்கும் மானிலிருந்து புலிக்கும் ஆற்றல் செல்லும்போது, ஒவ்வொரு படியிலும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே அடுத்த படியைச் சேர்கிறது. அதனால்தான் ஒரு காட்டில் மான்கள் பலவாகவும் புலிகள் சிலவாகவும் உள்ளன. ஒரு புலி ஓராண்டு வாழ ஏறத்தாழ ஐம்பது மான்கள் அளவுக்கு இரை தேவை. அதனைப் போன்று பல மடங்கு எடையுள்ள கொன்றுண்ணிகள் ஒரே குகையில் கூட்டமாக வாழ்வதாகக் காட்டினால், அவை எதைத் தின்கின்றன என்னும் வினா எழும்.

இதற்கு ஒரு மாற்று உண்டு. குளிர்இரத்த விலங்கான முதலை, தன் உடலைச் சூடாக வைத்திருக்க உணவைச் செலவிடுவதில்லை. மாதக்கணக்கில் உண்ணாமலும் இருக்கும். குகையில் நெடுங்காலம் உறங்கும் டிராகனை முதலையைப்போல் கருதலாம். ஆனால், முதலை நெடுநேரம் விரைந்து இயங்காது, விரைவில் களைத்துவிடும். நீண்ட பட்டினியையும் நீண்ட பறத்தலையும் ஓர் உடல் ஒருசேரப் பெறுவது கடினம்.

2018இல் வெளியான 'மான்ஸ்டர் ஹன்டர்: வேர்ல்ட்' இவ்வினாவை எதிர்கொள்ள முயன்றது. அதில் தாவர உண்ணிகள் மந்தையாக மேய்கின்றன. ரதலோஸ் பெருமரத்தின் உச்சியில் கூடமைக்கிறது. வேட்டை விலங்குகள் தத்தம் எல்லைக்காக ஒன்றோடொன்று மோதுகின்றன. விளையாடுபவர் அங்கு இல்லாவிட்டாலும் அக்காடு வாழும் என்னும் எண்ணம் பிறக்கிறது. தனித்து நிற்கும் விலங்கு ஓவியமாகும்; சூழலோடு பிணைந்த விலங்கே உயிராகும்.

உருமாற்றமா? பரிணாமமா?

கற்பனை விளையாட்டுகள் பரப்பிய பிழையான கருத்தொன்றையும் இங்கே தெளிவுபடுத்த வேண்டும். 1996இல் ஜப்பானில் வெளியான 'போக்கிமான்' விளையாட்டை உருவாக்கிய சடோஷி தஜிரி, சிறுவயதில் பூச்சிகளைச் சேகரிப்பதில் ஈடுபாடு கொண்டவர். அவ்விளையாட்டில் கம்பளிப்புழுவை ஒத்த ஓர் உயிரி கூட்டுப்புழுவாகிப் பின் பட்டாம்பூச்சியாகிறது. அம்மாற்றத்துக்கு விளையாட்டு இட்ட பெயர் 'பரிணாமம்'.

உயிரியலில் அதன் பெயர் உருமாற்றம். ஓர் உயிரி தன் வாழ்நாளுக்குள் அடையும் மாற்றம் அது. பரிணாமமோ தனி உயிரிக்கு நிகழ்வதன்று. ஓர் இனத்தின் உயிர்களிடையே உள்ள சிறு வேறுபாடுகளுள், சூழலுக்குப் பொருந்தியவை மிகுதியாக மரபுவழித் தொடர்ந்து, பல தலைமுறைகளில் அவ்வினமே மாறுவது பரிணாமம். எந்த விலங்கும் போரில் வென்றதற்காகப் பரிணமிப்பதில்லை. பரிணாமம் என்பது மேல்நோக்கி ஏறும் படிக்கட்டும் அன்று. கண் பார்வையைத் துறந்த குகைமீன், இருளுக்கு ஏற்பப் பரிணமித்த உயிரியே.

கணித்துக் கண்ட உயிரி

விதிகளுக்கு உட்பட்டால் கற்பனை குன்றிவிடுமோ என்னும் ஐயம் எழலாம். அதற்கு அறிவியல் வரலாறே விடை தருகிறது. 1862இல் மடகாஸ்கர் தீவின் ஆர்க்கிட் மலரொன்று சார்லஸ் டார்வினின் கைக்கு வந்தது. அதன் தேன்குழல் ஏறத்தாழ முப்பது சென்டிமீட்டர் நீளமுடையது. தேன் அதன் அடியில் மட்டுமே இருந்தது. அத்தேனை எட்டும் நீளமுடைய உறிஞ்சுகுழல்கொண்ட அந்துப்பூச்சி அத்தீவில் வாழ வேண்டும் என்று டார்வின் கூறினார். அத்தகைய பூச்சியை அவர் கண்டதில்லை. 1882இல் அவர் மறைந்தார். 1903இல் மடகாஸ்கரின் நீள்குழல் அந்துப்பூச்சி அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. கணிக்கப்பட்டது என்னும் பொருள்படும் சொல்லே அதன் பெயரில் இடம்பெற்றது. காணாத உயிரியை டார்வின் கற்பனை செய்தார். உடலின் கணக்கை அறிந்திருந்ததால் அக்கற்பனை உண்மையாயிற்று.

திரைக்கு வெளியே

டிராகனின் சிறகைக் கணக்கிட்ட அதே அறிவு, உண்மையான பறவையொன்றின் துயரையும் விளக்குகிறது. உலகின் மிகக் கனமான பறக்கும் பறவைகளுள் ஒன்று இந்தியாவின் கானமயில். ஆண்பறவை ஏறத்தாழ பதினைந்து கிலோகிராம் வரை எடையுடையது. தமிழ்நாடு உட்பட இந்தியாவின் பல மாநிலங்களில் முற்காலத்தில் வாழ்ந்த இப்பறவை, இன்று பெரும்பாலும் இராஜஸ்தானின் வறண்ட புல்வெளிகளில் எஞ்சியுள்ளது. மொத்த எண்ணிக்கை இருநூறுக்கும் குறைவு. வாழிட அழிவும் வேட்டையும் அதனைக் குறைத்தன. இன்று அதனைப் பெரிதும் அச்சுறுத்துவது வானின் குறுக்கே செல்லும் மின்கம்பிகள். கனத்த உடலுடன் பறக்கும் பறவையால் சட்டென்று திரும்ப இயலாது. பக்கவாட்டில் அமைந்த கண்களால் நேர்முன்னே உள்ள கம்பியை அது எளிதில் காண்பதுமில்லை. ஆதலால் மோதி இறக்கிறது. பெரும்பாலும் ஓராண்டுக்கு ஒரு முட்டையே இடும் இனத்துக்கு அவ்வொவ்வோர் இழப்பும் ஈடுசெய்ய இயலாதது.

பேருடலோடு பறப்பதற்குக் கானமயில் கொடுத்த விலை, விரைந்து திரும்பும் திறன். கம்பிகள் இல்லாத வானத்தில் அவ்விலை அதற்குச் சுமையாக இருந்ததில்லை. பறவையின் உடலை மாற்ற மனிதனால் இயலாது. கம்பிகளை மண்ணுக்கடியில் பதிக்கவும், பறவையின் கண்ணில் படும் எச்சரிக்கை வில்லைகளை அவற்றில் பொருத்தவும் இயலும். திரையில் வீழ்ந்த டிராகன் மறுமுறை விளையாடும்போது எழுந்துவரும். புல்வெளியில் வீழ்ந்த கானமயில் எழுவதில்லை.

கற்பவை கற்றபின்…

1. நீவிர் அறிந்த கற்பனை விலங்கொன்றைத் தெரிவுசெய்து, அதன் எலும்பு, உணவு, வாழிடம் ஆகியவற்றை உயிரியல் நோக்கில் ஆராய்ந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

2. கோயில் சிற்பத்தில் உள்ள யாளி நடப்பதாகக் கொண்டு, அதன் நடை எவ்வாறு அமையும் என்பதை வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. உருமாற்றம், பரிணாமம் ஆகிய இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டுகளுடன் விளக்குக.